மலையூரில் பள்ளிக்கூடம் வைத்த மாண்டிசோரி அம்மையார்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குக் காலையில் ஒரே கவலைதான். குழந்தையை யாரிடம் விடுவது? பாட்டி இருக்கிற வீட்டில் பாட்டியிடம் விடுவார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் விடுவார்கள். அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு பாலர் பள்ளியில் கொண்டுபோய் விடுவார்கள்.

அப்படிப்பட்ட பாலர் பள்ளிகள் பலவற்றின் வாசல் பலகையில் 'மாண்டிசோரி' என்று எழுதியிருக்கும். அது ஊரின் பெயரா, ஆளின் பெயரா என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

அது ஓர் அம்மையாரின் பெயர். இத்தாலி தேசத்தில் பிறந்தவர். வேலைக்குப் போன ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளுக்காகவே அவர் முதல் பள்ளியைத் தொடங்கினார். உலகமெல்லாம் புகழ் பெற்ற பிறகு, வயது எழுபதைத் தாண்டிய நிலையில், நம் கோடைக்கானலில் குடியேறி, விரல் விட்டு எண்ணக்கூடிய சில குழந்தைகளோடு ஒரு சிறு பள்ளி நடத்தினார். அவர் அங்கே விரும்பிப் போகவில்லை. யுத்தம் அவரை அங்கே கொண்டுபோய் வைத்தது.

பிடிவாதக்காரப் பெண்

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். கணக்கு வழக்குப் பார்க்கிறவர். தாய் ரெனில்தே நன்றாகப் படித்தவர். ஒரே மகள். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகரத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் இத்தாலியில் படித்த பெண்ணுக்கு ஒரே வேலைதான் உண்டு. பள்ளி ஆசிரியை ஆகலாம். தந்தையும் மகளை அப்படித்தான் ஆக்க நினைத்தார். மகளோ அதை மட்டும் செய்யமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள்! முதலில் எஞ்சினீயர் ஆக ஆசைப்பட்டாள். பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் 13 வயதில் சேர்ந்தாள். பிறகு டாக்டருக்குப் படிக்கப்போவதாகச் சொன்னாள். தந்தை முகம் சுளித்தார். தாய் மகளின் பக்கம் நின்றாள்.

வைத்தியக் கல்லூரியில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் படிப்பது எளிதாக இல்லை. மனித உடலை அறுத்துப் பார்க்கும் பாடம் ஒன்று உண்டு. ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் அதைப் பார்ப்பது முறையல்ல என்றார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, பிணவறையில் அவர் தன்னந்தனியாகப் படிக்கவேண்டியிருந்தது.

அதற்கும் அஞ்சவில்லை. 1896-ல் ரோம் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர். ஆசிரியை ஆகமாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண் பின்னாளில் உலகத்துக்கே ஆசிரியை ஆனார்!

சொல்ல முடியாத துயரம்

டாக்டர் வேலையில் முதலில் அவர் கண்ணில் பட்டவர்கள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள். அவர்களைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்து விளையாட ஒரு சாமான்கூட அந்த அறைகளில் இல்லை. இவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமல்ல, கல்வியும்தான் என்று மாண்டிசோரி கண்டார். இதார், செகுவேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் எழுதி வைத்த பழைய புத்தகங்களைத் தேடிப் படித்தார். அவர்கள் சொன்ன வழியில், தொட்டும் பார்த்தும் படிக்கக்கூடிய சாமான்களைச் செய்தார். காலை முதல் இரவு வரை அந்தக் குழந்தைகளோடு இருந்தார். அவர்களில் சிலர் சாதாரணக் குழந்தைகள் எழுதும் பரீட்சையை எழுதித் தேறினார்கள். ரோம் நகரம் வியந்தது.

மாண்டிசோரியோ வேறு ஒன்றை நினைத்து வியந்தார். பின்தங்கிய குழந்தை இவ்வளவு முன்னேறினால், நல்ல நிலையில் உள்ள குழந்தைகள் இதைவிட எவ்வளவோ முன்னேற வேண்டுமே! சாதாரணப் பள்ளிக்கூடம் அவர்களை எப்படிப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறது?

இந்த நாட்களில்தான் அவருடைய வாழ்வில் பெரிய துயரம் ஒன்று வந்தது. கூட வேலை செய்த டாக்டர் மொந்தெசானோ என்பவரை அவர் நேசித்தார். திருமணம் நடக்கவில்லை. 1898 மார்ச் 31-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர் வைத்தார்கள். திருமணமாகாத தாய் என்று வெளியே தெரிந்தால் அவருடைய வேலையும் பெயரும் அன்றோடு போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார்.

மாண்டிசோரி அவ்வப்போது கிராமத்துக்குப் போய் மகனைப் பார்த்து வருவார். பார்க்க வருகிற அந்த அம்மையார் தன் தாய் என்று பையனுக்குச் சொல்லப்படவில்லை. ஊரார் பிள்ளைகளை ஊட்டி வளர்த்த கை, தன் பிள்ளையைத் தூக்க முடியாமல் இருந்தது. மரியோவுக்குச் சுமார் 15 வயதானபோதுதான் தாயும் மகனும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். அப்போதும் வெளியார் முன் அவன் மகன் அல்ல. உறவுக்காரப் பையன் என்றும், வளர்ப்பு மகன் என்றும்தான் சொல்லி வந்தார்கள்.

கூலிக்காரர் குடியிருப்பில்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஒரு பேட்டை. கூலி வேலை செய்பவர்கள் நெருக்கமாகக் குடியிருந்த இடம். நம் ஊர் காம்பவுண்டு வீடுகளைப் போல ஒரே கட்டிடத்தில் பல குடும்பங்கள். தகப்பனும் தாயும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகள் மாடிப்படிகளில் சுற்றித் திரிவார்கள். சுவரைக் கீறுவார்கள், கிறுக்குவார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர்களான கம்பெனியாருக்குச் சுவரைப் பற்றிக் கவலை. குழந்தைகளை ஓர் அறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். டாக்டர் மாண்டிசோரி ஒப்புக்கொண்டார். 1907 ஜனவரி 6-ந் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. ஏறக்குறைய 50 குழந்தைகள் வந்தார்கள். அழுகிற குழந்தைகள், பயந்த குழந்தைகள். அங்கே குழந்தைகளைக் கவனிக்க அமர்த்தியவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. அந்தக் கட்டிடத்துக் காவலாளியின் மகள்! அந்த இடத்துக்குக் 'குழந்தைகள் வீடு' என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே நடந்தவை ஒவ்வொன்றும் மாண்டிசோரிக்கே ஆச்சரியமாக இருந்தன.

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, மரக்கட்டைத் துளைகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. எடுக்கும், போடும், மறுபடி எடுக்கும். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். அது கவனிக்கவில்லை. நாற்காலியோடு அந்தக் குழந்தையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் வேலையை விடவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்துவிட்டுத் தூங்கி எழுந்ததுபோல் சிரித்தது. சிறு குழந்தைக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது என்று பெரியவர்கள் சொல்வது தவறு என்று அன்று தெரிந்தது.

ஒரு நாள் அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டாள். குழந்தைகள் தாமே சாமான்களை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கோ, எந்தச் சாமான் வேண்டும் என்பது குழந்தைக்கே தெரிகிறது என்று பட்டது. அன்று முதல் உயரமான அலமாரி போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த அலமாரிகள் வந்தன. குழந்தை தானே தூக்கி வைக்கக்கூடிய சின்னஞ்சிறு நாற்காலிகள் வந்தன.

மற்றொரு நாள், கைக்குட்டையால் சத்தமில்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். குழந்தைகள் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் கைதட்டினார்கள்! மூக்கொழுகுவதற்காகத் திட்டு வாங்கியே பழகிய பிள்ளைகள் அவர்கள். ஒருவரும் மரியாதையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

சட்டையில் பட்டன் போடவும், நாடா முடியவும் பழகுவதற்காக மரச்சட்டத்தில் துணியைப் பொருத்திக் கொடுத்தார். திருப்பூர்க் குழந்தைகளுக்கு இது புதுமையாகத் தெரியாது. பட்டனும் நாடாவும் நடுவே வளரும் பிள்ளைகள் அல்லவா! ஆனால் ஒரு குழந்தை தன் சட்டைக்குத் தானே பட்டன் போட்டுக்கொள்ளும்போது அதன் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை ஒரு பாடமாக மதித்தவர் மாண்டிசோரிதான்.

எழுத்துக்களை உப்புத் தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயால் சொல்லிப் படித்தார்களே, ஏறக்குறைய அதே வழி. சில மாதம் கழித்து வெயில் காய்ந்த ஒரு குளிர்காலத்து நாளில், மொட்டை மாடியில் ஒரு சிறுவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பிறகு தரையிலேயே எழுத்துக்களைக் கூட்டிச் சொற்களை எழுதத் தொடங்கினான். எழுதத் தெரிந்துவிட்டது என்று கூவினான். சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கட்டி கேட்டார்கள். எழுதக் கற்பித்தவர் யாரும் இல்லை. கை பழகியிருந்தது, எழுத்து தானாக வந்தது.

புகழும் துரத்தலும்

செய்தி பரவிற்று. 1909-ல் அவர் எழுதிய புத்தகம் பல மொழிகளில் வந்தது. 1915-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில், கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் குழந்தைகள் தம் பாட்டுக்கு வேலை செய்ததை ஜனங்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

1931 அக்டோபரில் காந்தியடிகள் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். மாண்டிசோரியின் பயிற்சிப் பள்ளிக்கு வந்து பேசினார். வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் இந்தக் கல்வி, பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே அவருடைய ஆசையாக இருந்தது. குருதேவர் தாகூரும் இந்த முறையைப் பாராட்டினார்.

இத்தாலியில் முசோலினி சர்வாதிகாரியானான். முதலில் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தான். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். பின்னர் பிள்ளைகளைச் சிப்பாய்களாக ஆக்கப் பார்த்தது ஆட்சி. குழந்தைகளின் சுதந்திரத்தைப் பேசுகிறவருக்கும் அந்த ஆட்சிக்கும் எப்படி ஒத்துப்போகும்? 1934-ல் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் நாட்டை விட்டுப் போனார். ஜெர்மனியில் இட்லரின் ஆட்கள் அவருடைய புத்தகங்களைக் கொளுத்தினார்கள். ஸ்பெயினில் பார்சலோனாவில் தங்கியிருந்தார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. கடைசியில் ஹாலந்து நாடு இடம் கொடுத்தது.

அடையாற்றில் வந்த தந்தி

சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல். அவருடைய மனைவிதான் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி. இருவரும் மாண்டிசோரியை இந்தியாவுக்கு அழைத்தார்கள். சில மாதங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

1939 நவம்பரில், 69-ம் வயதில், அம்மையார் மரியோவுடன் ஆகாய விமானத்தில் வந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியிருந்தது. மரியோவின் நான்கு குழந்தைகளும் ஹாலந்திலேயே இருந்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு.

அடையாற்றில் இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்து கூடினார்கள். ஓலைக் கொட்டகைகளில் தங்கிப் படித்தார்கள். அம்மையார் இத்தாலி மொழியில் பேசுவார். பக்கத்தில் நின்று மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. பேரக் குழந்தைகள் எதிரியின் ஆட்சிக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஜூன் 10-ந் தேதி இத்தாலியும் பிரிட்டன்மேல் போர் தொடுத்தது. அன்றோடு இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் சர்க்காருக்கு எதிரிகள் ஆனார்கள்! மரியோவைப் பிடித்து ஆமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது.

முசோலினி துரத்திய கிழவியை, முசோலினி நாட்டுக்காரி என்பதற்காகவே காவலில் வைத்தார்கள். அவருக்குப் புரிந்த மொழி பேசவும் பக்கத்தில் ஆளில்லை. பெற்ற பிள்ளை முகாமில். பேரப் பிள்ளைகள் கடலுக்கு அப்பால்.

பலர் சர்க்காரிடம் எடுத்துச் சொன்னார்கள். ஆகஸ்டு 31 வந்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக என்ன கொடுக்கலாம் என்று யோசித்ததாகவும், அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்த பரிசு என்று முடிவு செய்ததாகவும் அதில் கண்டிருந்தது.

அந்தத் தந்தியில் உறவுக்காரன் என்று இல்லை, வளர்ப்பு மகன் என்று இல்லை. மகன் என்றே இருந்தது! நாற்பத்திரண்டு வருஷமாக அந்தத் தாய் வெளியே சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒரு சொல். பிறந்த நாட்டில் கிடைக்காத அந்த உரிமை, அந்நிய நாட்டில், காவலில் இருந்தபோது கிடைத்தது.

கோடைமலைக்குக் குடியேற்றம்

மகன் திரும்பினான். ஆனால் ஊருக்குத் திரும்ப வழியில்லை. யுத்தம் முடியும் வரை இந்தியாவில்தான் இருந்தாக வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் சென்னை நகரமே காலியாயிற்று. அந்த ஆண்டில் தாயும் மகனும் கோடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'ரோஸ் பேங்க்' என்ற வீட்டில் குடியிருந்தார்கள்.

கோடைக்கானல் நமக்குத் தெரியாத ஊர் அல்ல. மே மாத வெயில் தாங்காமல் திருப்பூர்க்காரர்கள் பழனி வழியாக மலையேறுகிற இடம்தான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரம். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை கட்டிய ஏரி நடுவே கிடக்கிறது. ஆனால் நாம் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கிவிடுகிறோம். சீசன் முடிந்த பிறகு அங்கே மூடுபனியும் குளிரும் மழையும்தான். அப்படிப்பட்ட ஊரில் 72 வயது அம்மையார் ஏறக்குறைய இரண்டு வருஷம் தங்கினார்.

பெரிய கூட்டங்கள் இல்லை. வரவேற்புப் பத்திரங்கள் இல்லை. பெரிய பெரிய நகரங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பேசிப் பழகியவருக்கு இங்கே செய்ய என்ன இருக்கிறது? வெறுமே உட்கார்ந்து யுத்தம் முடியக் காத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சிறு பள்ளி ஒன்று வைத்தார். முப்பத்தைந்து வருஷம் முன்னால் சான் லொரென்சோவில் செய்ததைப்போல மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

அந்தச் சமயம் யுத்தத்தால் இடம் பெயர்ந்த பல தேசத்துக் குடும்பங்கள் மலையில் தங்கியிருந்தன. வெள்ளைக்காரக் குழந்தைகளும் வந்தார்கள். நம் நாட்டுக் குழந்தைகளும் வந்தார்கள். தளர்நடை நடக்கும் குழந்தையும் உண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உண்டு. மொழி வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. வயதுவாரியாக வகுப்புப் பிரிக்க ஆளும் இல்லை, இடமும் இல்லை. எல்லாரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

அதுவே நன்மையாக முடிந்தது. பெரிய பிள்ளை படிப்பதைச் சின்னப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கும். அதற்கென்று யாரும் பாடம் சொல்லவில்லை. ஆனாலும் பாதி பாடம் காதில் விழுந்துவிடும். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். சொல்லிக்கொடுக்கும்போது தனக்குத் தெரியாதது எது என்று அதற்கே தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் அக்கா மடியில் வளரும் தம்பி படிப்பதும் இப்படித்தானே!

இலங்கையிலிருந்து லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை அம்மையாருக்குத் துணையாக இருந்தார். குழந்தைகளோடு வேலை செய்வது, கவனித்துக் குறித்து வைப்பது, புதிய பாடச் சாமான்களைச் செய்து பார்ப்பது, இப்படி நாட்கள் போயின.

மலையே பாடசாலையாயிற்று. வாசலைத் தாண்டினால் செடியும் கொடியும் பூச்சியும் பறவையும். குழந்தைகள் இலைகளையும் பூக்களையும் கொண்டு வந்தார்கள். இலைக்கு எத்தனை வடிவம், வேருக்கு என்ன வேலை, எந்தப் பிராணி எந்த இனம் என்று கேள்விகள் கிளம்பின. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் தள்ளவில்லை. செடிகளையும் பிராணிகளையும் இனம் பிரிக்க அட்டைகளும் படங்களும் செய்தார்கள். சாஸ்திரப் பெயர்களைக்கூடக் குழந்தைகள் விளையாட்டாய் மனத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அதுவரை அவருடைய பெயர் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்வியோடுதான் அதிகம் சேர்ந்திருந்தது. கோடைக்கானலில்தான் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கல்வி முழு உருவம் பெற்றது. மண்ணும் நீரும், செடியும் பிராணியும், மனிதனும் ஒன்றையொன்று சார்ந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்வதால்தான் உலகம் நடக்கிறது. இதைக் குழந்தைக்கு முதலில் காட்டவேண்டும் என்பது அந்தக் கல்வியின் சாரம். அண்டத்தையே பாடமாக வைத்த கல்வி அது. எதிரி, நண்பன் என்று உலகமே இரண்டாய்ப் பிளந்து சண்டையிட்ட காலத்தில், எதிரி நாட்டுக்காரி என்று பெயர் பெற்ற ஒருவர், பல தேசத்துப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைக் கண்டார்.

முந்நூறு மீட்டர் கறுப்புத் துணி

நெசவும் பின்னலும் தெரிந்த நம் பக்கத்தாருக்குப் பிடிக்கும் ஒரு கதை உண்டு. அம்மையாரின் வழிவந்த ஆசிரியர்கள் தலைமுறையாகச் சொல்லி வருவது. இந்தியாவில் இருந்தபோது சில பிள்ளைகள், எங்கள் நாகரிகம்தான் மிகப் பழமையானது என்று பெருமை பேசினார்களாம். மரியோ மறுத்துப் பேசவில்லை. முந்நூறு மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் துணி வாங்கி உருளையில் சுற்றச் செய்தார். சைக்கிளின் உதவியால் சாலையில் அதை விரித்துக்கொண்டே போனார்கள். பிள்ளைகள் கூடவே நடந்தார்கள். துணி முடிகிறபாடாக இல்லை. அவ்வளவு நீளமும் பூமியின் வயது. கடைசியில், துணியின் ஓரத்தில், ஒரு சின்னக் கீற்று. மனிதன் தோன்றி வாழ்ந்த காலம் முழுவதும் அதற்குள்தான்!

யாருடைய நாகரிகம் மூத்தது என்ற சண்டை அங்கேயே முடிந்தது. யாரையும் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஒரு துணி அந்தப் பாடத்தைச் சொல்லிற்று. இந்த நீளக் கறுப்புத் துணி பின்னர் உலகெங்கும் உள்ள மாண்டிசோரி பள்ளிகளில் பாடமாயிற்று.

மீண்டும் ஹாலந்துக்கு

1944-ல் அம்மையார் கோடைக்கானலை விட்டு இறங்கினார். அந்த ஆண்டு இலங்கைக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். ஆமதாபாத், கராச்சி என்று பல ஊர்களில் வகுப்புகள் நடந்தன. அவர் இந்தியாவில் இருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள்.

சில மாதம் தங்க வந்தவர், ஏழு வருஷம் ஆகப் போகிற சமயத்தில், 1946-ல் ஹாலந்துக்குத் திரும்பினார். விட்டுவந்த பேரக் குழந்தைகள் நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். வளர்ந்து ஆளாகியிருந்தார்கள்.

பிறகும் அவர் இந்தியாவுக்கு வந்தார். ஆமதாபாத்தில் குழந்தையின் மனத்தைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-ல் சென்னை அடையாற்றில் புத்தகமாக வெளிவந்தன. இன்றும் உலகெங்கும் ஆசிரியர்கள் படிக்கும் புத்தகம் அது. குழந்தை தன்னைச் சுற்றியுள்ள மொழியையும் பழக்கத்தையும் பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்கிறது என்பதே அதன் கருத்து. அதனால் பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள காலமே மிக முக்கியமானது என்றார்.

சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவருடைய பெயரை 1949 முதல் மூன்று ஆண்டுகள் சிபாரிசு செய்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. அதை எண்ணி அவர் உட்காரவில்லை. 81-ம் வயதில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு நடந்த நாட்களிலேயே, 1952 மே 6-ந் தேதி, ஹாலந்தில் கடற்கரையோரம் உள்ள நோர்ட்வைக் என்ற ஊரில் காலமானார். அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள். மனிதரிடத்திலும் உலகத்திலும் சமாதானத்தை உண்டாக்கத் துணைக்கு வருமாறு குழந்தைகளை வேண்டிக்கொள்ளும் வாசகம் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது. பெரியவர்களை நோக்கி அதில் ஒன்றும் இல்லை.

யாருக்கான பள்ளி?

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய முறை நாளடைவில் பணக்காரர் வீட்டுப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. கட்டணம் அதிகமான இடங்களில்தான் அந்தப் பெயர்ப் பலகையை அதிகம் பார்க்கிறோம். காந்தியடிகள் லண்டனில் சொன்ன ஆசை பாதியில் நின்றதுபோல் தோன்றும்.

முழுக்க நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-ம் ஆண்டு வாக்கில் பரவிய செயல்வழிக் கற்றலில் மாண்டிசோரியின் சாயல் உண்டு. பிள்ளைகள் தரையில் வட்டமாய் உட்கார்ந்து, அட்டைகளைத் தாமே எடுத்துப் படித்தார்கள். 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளிகளோடு சேர்ந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் மாண்டிசோரி முறையில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கே கட்டணம் இல்லை.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த சாமான்தான் வேண்டும் என்பதில்லை. பெரியவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காலையில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. குழந்தை சட்டைப் பட்டனோடு மல்லாடிக்கொண்டிருக்கிறது. நாம் போட்டுவிட்டால் ஒரு நொடியில் முடியும். அதுவே போட்டால் ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தைக் குழந்தைக்குக் கொடுக்க முடிந்த நாளில் கொடுத்துப் பார்க்கலாம். கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு அது நிமிர்ந்து பார்க்கும். சான் லொரென்சோவிலும் கோடைக்கானலிலும் அந்தப் பார்வையைத்தான் மாண்டிசோரி அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார்.